'பரவாயில்லை' என்று சொன்னால் போதுமா?

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய தோட்டத்துத் தோழர் ஒருவரை நிறுத்தி, "எப்படிப் பார்த்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பரவாயில்லைங்க" என்பார். விடியுமுன் புறப்பட்டு, பஸ் மாறி, நம்பர் சீட்டு வாங்கி, நண்பகல் வரை நாற்காலியில் காத்துக் கிடந்தவரும் அதையே சொல்வார். டாக்டர் அன்பாகப் பேசி, நன்றாகச் சோதித்து அனுப்பிவைத்தவரும் அதையே சொல்வார். என்ன நோய் என்றார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று மேலும் கேட்டால், "அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

இந்தப் 'பரவாயில்லை' நம்மவர் வாயில் எப்படி வந்து குடியேறியது? இது திருப்தியின் சொல்லா, பயத்தின் சொல்லா, அல்லது வெறும் பழக்கத்தின் சொல்லா? இவ்விதழில் நாம் இதனை ஆராய விரும்புகிறோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளி திருப்தியாக இருக்கிறாரா என்று இப்போது ஆஸ்பத்திரிகளே கேட்கத் தொடங்கிவிட்டன. அரசாங்க இலாகாக்கள் பொதுமக்களுக்குத் தங்கள் வாக்குறுதியை எழுதி வைக்கவேண்டும் என்று 1993ஆம் ஆண்டில் உத்தரவாயிற்று. 'பியாகாம் பெலாங்கான்' என்று சுவரில் மாட்டியிருப்பது அதுவே. ஊழியர் மரியாதையாக நடந்தனரா, காத்திருந்த நேரம் எவ்வளவு, இடம் சுத்தமாக இருந்ததா, டாக்டர் விளக்கிச் சொன்னாரா என்று கேட்டு, கட்டத்தில் குறி போடச் சொல்லும் படிவங்களும் வந்துவிட்டன. நல்ல காரியந்தான். ஏழையிடம் அபிப்பிராயம் கேட்பதே ஒரு மரியாதை. ஆனால் நம்மவர் போடுகிற குறி உண்மையைச் சொல்லுகிறதா என்பதே கேள்வி.

பால் நிறுக்கும் கொட்டகையில் தினம் நிற்கும் தோழர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காக நாம் கணக்கை முடித்துவிடுகிறோமா? இரவில் மழை பெய்திருந்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கும். ஆகவேதான் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்க்கிறோம். உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று கணக்கெடுக்கிறோம். 'எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் திருப்தி அடைந்திருக்கிறார்கள்' என்று ஓர் அறிக்கை சொன்னால், அது வாளி நிறைந்த பால். அதிலே ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கவேண்டியது நம் கடமை.

நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஐம்பத்தெட்டு வயதுத் தாயார் ஒருவர். இளமையிலிருந்தே பால் வெட்டுகிறவர். நீரிழிவு நோய்க்காக அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவரை நம் வாகனத்தில் அழைத்துச் சென்றோம். அவர் உள்ளே போனார். நாம் வெளியே உட்கார்ந்து பத்திரிகை படித்தோம். கையில் ஒரு மருந்துப் பையோடு வந்தார். கூடவே ஒரு படிவமும் கொடுத்திருந்தார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட படிவம். அந்தத் தாயாருக்குத் தமிழ் மட்டுமே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

"என்ன தம்பி கேட்டிருக்காங்க?" என்றார்.

"நல்லாப் பார்த்தாங்களான்னு கேட்டிருக்காங்க, பெரியம்மா."

"நல்லாத்தான் பார்த்தாங்க. அப்படியே போட்டுடு தம்பி. அந்தப் பிள்ளைங்களுக்கு எதுக்கு வீண் தொல்லை?"

நாமும் 'மிக்க திருப்தி' என்ற கட்டத்திலேயே மேலிருந்து கீழ்வரை குறி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை நிரையில் பாதி மரம் வெட்டியிருக்கும்போது அந்தத் தாயார் மயங்கி விழுந்தார். பக்கத்து நிரைக்காரர் ஓடிவந்து சீனி கரைத்த தேநீர் கொடுத்ததால் பிழைத்தார். பிறகுதான் விஷயம் புரிந்தது. பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதிய மாத்திரையைச் சாப்பிடும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். மலாயில் சொல்லி, 'பாஹாம்?' என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தலையை ஆட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். நீரிழிவு மாத்திரை இரட்டிப்பானால் இரத்தத்திலே சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். உயிரையே வாங்கிவிடக்கூடிய காரியம் அது.

தோழர்களே, அந்தப் படிவத்தில் 'டாக்டர் விளக்கிச் சொன்னாரா' என்ற கேள்விக்கு நேரே 'மிக்க திருப்தி' என்று குறி போட்ட கை நம்முடைய கை. அந்தக் குறி இன்று ஏதோ ஒரு கணக்கிலே சேர்ந்திருக்கும். 'எல்லாம் நன்றாகவே நடக்கிறது' என்று மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பெரியம்மா பொய் சொல்லவில்லை. அதட்டாமல், துரத்தாமல் பார்த்தார்கள். அவருக்கு அதுவே பெரிது. தமக்குப் புரியவில்லை என்பது ஆஸ்பத்திரியின் குறை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தம்முடைய குறை என்றே எண்ணிக்கொண்டார்.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததல்ல. இதற்கு வேர் நம் தோட்டங்களின் பழைய மண்ணில் இருக்கிறது.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்து கொடுப்பதை முதலாளிமாரின் கடமையாக வைத்தது. அந்தக் கடமையைத் தோட்டங்கள் நிறைவேற்றிய விதம் நம் பாட்டன்மாருக்குத் தெரியும். சில கட்டில்கள், ஒரு டிரெஸர், எப்போதாவது வந்து பார்த்துப் போகும் டாக்டர் ஒருவர், புட்டியில் கலர் தண்ணீர் போன்ற மிக்சர். பிரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி வாயிலே கொய்னாவை ஊற்றினார்கள். வேலைக்கு ஆள் எழுந்து நிற்கிறானா என்பதே நிர்வாகத்தின் கவலை. அவன் மனம் நிறைந்ததா என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், சம்பளம் போடுகிறவனும் மருந்து கொடுக்கிறவனும் ஒரே துரையின் ஆட்களாக இருக்கும்போது, குறை சொல்லும் துணிவு யாருக்கு வரும்? 'பரவாயில்லைங்க' என்ற சொல் பிறந்த இடம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான்.

ஆனால் அந்த மௌனத்தை உடைத்தவர்களும் நம்மவர்களே. பேராக்குக்குத் தெற்கே, சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில், 1941ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சம்பள உயர்வு மட்டும் அதில் இல்லை. துரைமார் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, முறையான வைத்திய வசதி வேண்டும் என்றும் கேட்டார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின.

சைக்கிளும் ஆஸ்பத்திரியும் ஒரே பட்டியலில் இருந்ததை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அந்தத் தோழர்கள் மருந்தைப் பிச்சையாகக் கேட்கவில்லை. மரியாதையோடு சேர்த்துக் கேட்டார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் உண்டு. கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்கவேண்டும் என்பது அது. கிராணி வேலை பார்க்கும் நாம் அந்த வரியை மறைத்துவிட்டு மற்ற வரிகளை மட்டும் புகழ்ந்து பேசினால், அது நேர்மையாகாது. நோயுற்றவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு நம் கையில் இருந்தது. 'உனக்கு ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பார்' என்று நோயாளியைத் திருப்பி அனுப்பியவர்கள் நம் வர்க்கத்திலும் இருந்தார்கள்.

இது மலாயாவுக்கு மட்டும் உரிய கதையுமல்ல. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், நாட்டின் மற்ற மக்களுக்கு அரசாங்க வைத்தியம் இலவசமாகக் கிடைத்துவந்த காலத்திலேயே, தோட்ட மக்களின் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. அங்கும் தமிழ் மட்டுமே அறிந்த தாய்மார், வேறு மொழி பேசும் டாக்டர் முன்னே தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பேராக்கில் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பல இடங்களில் தாமான் நிற்கிறது. தோட்ட ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான், பத்து காஜா, கம்பார், தைப்பிங் என்று அரசாங்க ஆஸ்பத்திரிகளை நாடுகிறோம். நோய் பெரிதானால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை என்பது அதன் இன்றைய பெயர். நாட்டின் குடிமகனாக இருந்தால் சாதாரண வெளிநோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணர் டாக்டரைப் பார்க்க 5 வெள்ளி. நோய் வந்தால் வீட்டை விற்கவேண்டிய நாடுகள் உலகில் எத்தனையோ இருக்க, இது சாமானியமான பேறு அன்று. இதைப் போற்றிக் காக்கவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால், 'ஒரு வெள்ளிக்கு இதற்குமேல் என்ன கேட்பது?' என்று நம்மவர் சிலர் பேசுவதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். அந்த ஒரு வெள்ளி நுழைவுச் சீட்டு மட்டுமே. ஆஸ்பத்திரியைக் கட்டியதும், மருந்து வாங்கியதும், டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பதும் நாட்டின் செல்வம். அந்தச் செல்வத்தில் ரப்பர்ப் பாலின் பங்கு எவ்வளவு என்பதை நாம் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

திருப்தியைப் பற்றி ஆராய்ந்த அறிஞர்களும் நமக்கு உதவும் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டில் பரசுராமன் முதலிய மூன்று ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் வெளியிட்ட 'சேர்வ்குவால்' என்னும் அளவுகோல், பல நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலும் பயன்படுகிறது. அதன் அடிப்படை எளிது. ஒருவர் எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியே தரத்தின் அளவு. பத்து வெள்ளி எதிர்பார்த்தவனுக்கு எட்டு கிடைத்தால் அவனுக்குக் குறை. இரண்டு எதிர்பார்த்தவனுக்கு மூன்று கிடைத்தால் அவனுக்கு நிறை. மூன்று பெற்றவன் சிரிக்கிறான். எட்டுப் பெற்றவன் முகம் சுளிக்கிறான். சிரிப்பை மட்டும் எண்ணினால், மூன்று கொடுத்த இடமே சிறந்தது என்று ஆகிவிடும் அல்லவா? நூறு ஆண்டுகளாக ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது என்று பழக்கப்பட்ட மக்களின் திருப்தி, இப்படித்தான் தவறான கணக்கைக் கொடுக்கிறது.

அதற்கும் முன்னே, 1966ஆம் ஆண்டில், டோனபீடியன் என்னும் டாக்டர் வைத்தியத்தின் தரத்தை மூன்று இடங்களில் பார்க்கவேண்டும் என்றார். கட்டடமும் கருவியும் ஆட்களும் இருக்கின்றனவா என்பது ஒன்று. வைத்தியம் முறையாக நடந்ததா என்பது மற்றொன்று. நோயாளி குணமடைந்தாரா என்பது மூன்றாவது. நம் பெரியம்மா விஷயத்தில் கட்டடம் இருந்தது, மருந்தும் இருந்தது, சொல்லவேண்டியதையும் சொன்னார்கள். சொன்னது போய்ச் சேரவில்லை. அதனால் முடிவு கெட்டது. வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' அதிகாரத்தில் வைத்தியத்தின் நான்கு உறுப்புகளைச் சொல்லும்போது, நோயாளியையே முதலில் வைத்தார். மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் ஆகியோர் பின்னர்தான் வருகிறார்கள். நோயாளி வாய்திறவாத இடத்தில் வைத்தியம் முக்கால் பங்குதான்.

டாக்டர்களையும் தாதியரையும் நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். அவர்களும் உழைப்பாளிகளே. 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் நாடெங்கும் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புடை அணிந்து பணியைவிட்டு வெளியே வந்து நின்றதை நாம் மறக்கவில்லை. நிரந்தர வேலை இல்லாத டாக்டர், கூட்டம் நிரம்பி வழியும் அறையில், ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும்? ஆள் போதாத வார்டில் தாதியின் குரல் உயர்ந்தால், அதில் பாதிக் குற்றம் ஆள் போடாதவருடையது. நம் குறைகளை எழுத்தில் கொடுப்பது அவர்களுக்கு எதிரான காரியமல்ல. 'இங்கே ஆள் போதவில்லை, மொழி தெரிந்தவர் இல்லை' என்று நாம் எழுதிக் கொடுத்தால், அதைக் காட்டி அவர்கள் ஆள் கேட்கலாம். நாம் 'மிக்க திருப்தி' என்று எழுதினால், 'இருக்கிற ஆளே போதும்' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. நாட்டின் வைத்திய முறையைப் பதினைந்து ஆண்டுகளில் சீரமைக்கும் திட்டம் அது. நாம் வாய்திறக்காவிட்டால் அந்தச் சீரமைப்பில் தோட்டத்து நோயாளி இடம்பெறப்போவதில்லை. ஆகவே நாம் கோருவன வருமாறு:

முதலாவது, நம்மவர் அதிகமாக வரும் ஆஸ்பத்திரிகளில் திருப்திப் படிவம் தமிழிலும் இருக்கவேண்டும். எழுதத் தெரியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்கவேண்டும். கேட்பவர் அதே வார்டின் ஊழியராக இருக்கக்கூடாது. கட்டிலில் படுத்திருப்பவன், ஊசி போடும் கையைப் பார்த்துக்கொண்டே குறை சொல்லமாட்டான்.

இரண்டாவது, 'திருப்தியா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'உங்கள் மருந்தை எப்படிச் சாப்பிடவேண்டும், சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று கேட்கவேண்டும். அந்தப் பதிலே உண்மையான மெட்ரோலாக்.

மூன்றாவது, மலாய் சரளமாகப் பேசாத நோயாளிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். இன்று நம்மோடு தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களையும் இதில் சேர்த்தே கேட்கிறோம். அவர்களுக்கு அந்த ஒரு வெள்ளிக் கட்டணமும் கிடையாது. நம் பாட்டன்மார் நின்ற வராந்தாவில் இன்று நிற்பவர்கள் அவர்களே.

நான்காவது, தோட்ட நிர்வாகங்கள் தம் பொறுப்பைக் கைகழுவக்கூடாது. தொழிலாளரின் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தின் வைத்திய வசதியையும் முதலாளியின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, வேலைக்கு வந்து இரண்டாண்டு ஆகாதவருக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்கவேண்டி வந்தால் 60 நாள். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் அந்த 60 நாளைத் தனியாகவே கணக்கிடவேண்டும். முன்போல் சாதாரண நோய் விடுப்பை அதில் கழிக்கக்கூடாது. இதைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்லவேண்டிய முதல் ஆள் செக்ரோல் எழுதும் கிராணி. நாளைச் சம்பளம் போய்விடுமே என்று அஞ்சுகிறவன், சரியாகக் குணமாகுமுன்பே 'பரவாயில்லை' என்று எழுந்து வந்துவிடுவான்.

கோரிக்கை மட்டும் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது சங்கத்தின் வழக்கமன்று. நம் பங்கையும் செய்வோம். ஒவ்வொரு கிளையும், மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த இளைஞர் ஒருவரையோ இளம்பெண் ஒருவரையோ நோயாளிகளுக்குத் துணையாக ஏற்பாடு செய்யட்டும். அவர் வெளியே உட்கார்ந்து பத்திரிகை படிக்கவேண்டாம். நோயாளியின் சம்மதத்தோடு உள்ளே போகட்டும். டாக்டர் அறையைவிட்டு வருமுன் மூன்று கேள்விகளைக் கேட்காமல் வரக்கூடாது. எனக்கு என்ன நோய்? இந்த மருந்தை எப்படிச் சாப்பிடவேண்டும், பழையதில் எதை நிறுத்தவேண்டும்? எது நேர்ந்தால் உடனே திரும்பி வரவேண்டும்? பழைய மருந்துகளை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். குறை இருந்தால் தேதி, நேரம், இடம் குறித்து ஆஸ்பத்திரி இயக்குநருக்கு மரியாதையாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் சங்கத்திடம் கொண்டுவாருங்கள். நன்றாகப் பார்த்தார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். நல்ல தாதிக்கு நான்கு வரி நன்றிக் கடிதம், அவர் மேலதிகாரியின் மேசையில் போய்ச் சேரட்டும். நாற்பது வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கு 2019ஆம் ஆண்டில் தொடங்கிய பேக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டா என்று விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியம்மா இன்று நலமாக இருக்கிறார். அடுத்த தவணைக்கு நாம் உடன் சென்றோம். இம்முறை உள்ளே சென்றோம். டாக்டர் இளம் வயதுப் பெண்மணி. மூன்று கேள்விகளையும் கேட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். "இப்படிக் கேட்டால்தானே எங்களுக்கும் தெரியும்" என்று மலாயில் சொன்னார். வெளியே வந்ததும் மீண்டும் அதே படிவம். "இப்ப என்ன தம்பி போடுறது?" என்று பெரியம்மா கேட்டார். "உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க, பெரியம்மா" என்றோம். சற்று யோசித்தார். டாக்டருக்கு முழுத் திருப்தி என்றார். நான்கு மணி நேரம் காத்திருந்ததற்குத் திருப்தி இல்லை என்றார். இரண்டையும் அப்படியே குறித்துக் கொடுத்தோம்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நாம் அழவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும். 1941இல் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் ஏன் இறங்கி நிற்கவேண்டும்?

சிந்தியுங்கள், தோழர்களே. அடுத்த முறை "எப்படிப் பார்த்தார்கள்?" என்று யாராவது கேட்டால், 'பரவாயில்லை' என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்.